என் காப்பையும் கட்டிக்கொண்டவளுக்கு

மழை நாளில் கருவாட்டுச் சாக்கைப் பிரித்தால் வாசம் இரண்டு மடங்காக எழும்பும். இன்று மத்தியானம் ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று வாளைக் கருவாட்டை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தேன். வாசம் கிளம்பியதும் முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது உன் மூக்கு. முகம்கூட அப்புறம்தான் வந்தது. சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "ஏ புள்ள, உன்ற கடைய இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டா உனக்கு என்ன கொறஞ்சு போவும்?" என்று கேட்பாயே, அந்த மூக்கு. அதே மூக்குதான் சந்தை கலைகிற நேரத்தில் மெல்ல என் பக்கம் நகர்ந்து வரும். யாரும் பார்க்காதபடி நெத்திலியில் ஒரு கை அள்ளி மடியில் போட்டுக்கொள்வாய்.

வெளியே மழை நிற்கவில்லை. காலையில் போன என் மகள் மலைமேல் இருக்கிறாள். அவள் மேலே நர்சு வேலைக்குச் சேர்ந்ததை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். எடப்புளி நாட்டுப் பக்கம் ஊர் ஊராக நடந்து பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறாள். சாயங்கால பஸ்ஸில் இறங்கி வருவாள். மத்தியானத்திலிருந்து அவளுக்குப் போன் போட்டால் வேறு ஒரு பொம்பளை எடுத்து, தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்கிறாள். நான் சலிக்காமல் கேட்கிறேன், அவளும் சலிக்காமல் சொல்கிறாள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்திருக்கிறதாம். டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். எந்த வளைவு, பஸ் அதற்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வாசலுக்கும் அடுப்புக்கும் நொண்டி நொண்டி நடக்கிறார். "சும்மா நடந்து தரையத் தேய்க்காதீங்க, இப்பத்தான் சிமெண்டு பூசினது" என்று அதட்டி வைத்திருக்கிறேன். வாய் அதட்டுகிறது. கை போனை விடவில்லை.

இப்படி எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பேசுவதற்கு எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. செத்துப் போனால் எனக்கு எவ்வளவு இடைஞ்சல் என்று நீ ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? அதுதான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சந்தையில் நம் இரண்டு கடையும் அக்கம் பக்கம். நான் அடிவாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் கருவாட்டுக் கூடையோடு ஏறி வருவேன். கண்டக்டர் கூடையை டாப்பில் ஏற்று என்பார். "என்னையும் ஏத்துங்க, டிக்கெட்டு மிச்சம்" என்பேன். நீ குண்டூர் நாட்டிலிருந்து மிளகும் மொச்சையும் தலையில் வைத்து நடந்தே வருவாய். சாக்கை விரித்ததும் கண்ணை மூடி, உள்ளங்கையைத் தரையில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். அதற்கு அப்புறம்தான் வியாபாரம். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

"ஏ மலைக்காரி, உன்ற மாரியாத்தாகிட்ட என்ற சாளக் கருவாடு வித்துப் போவுமான்னு ஒரு வார்த்தை கேளு."

"கேட்டேன். கருவாடு வித்துப்போவுமாம், உன்ற வாயத்தான் யாரும் வாங்க மாட்டாங்களாம்."

இப்படித்தான் நமக்குப் பழக்கம் ஆயிற்று. உனக்குச் சாமி என்றால் பக்கத்து வீட்டு ஆள் மாதிரி. எனக்குச் சாமி என்றால் ஆஸ்பத்திரி மாதிரி. கஷ்டம் வந்தால்தான் ஞாபகம் வரும். அப்போதும் வரிசையில் நிற்கப் பொறுமை இருக்காது.

அந்த ஐப்பசியை நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவப் பாத்துக்க கண்ணு, பொழுதோட வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்கு ஏறினேன். சந்தை பாதிகூட நடக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் பஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறதாம். நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"வா எங்கூட்டுக்கு. ஒரு ராத்திரி மலைக்காத்து அடிச்சா உன்ற நாத்தமாவது போவும்."

உங்கள் ஊர் எல்லைக்கல் வந்ததும் நீ டக்கென்று நின்றுவிட்டாய். கல்லுக்கு மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

"ஐயோ, மறந்தே போனேன். இன்னிக்குச் சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டறாங்க. உன்ற கருவாடு உள்ள வரக் கூடாது."

"நான் வரலாமா?"

"உன்னைக் குளிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போவோணும்."

கூடையைப் பாலித்தீன் தாளில் சுற்றி, எல்லைக்கு வெளியே இருந்த பலா மரத்தில் கட்டித் தொங்கவிட்டாய். பலாக்காய்களுக்கு நடுவில் என் பிழைப்பு தொங்கியது. காப்புக் கட்டினால் ஊரில் கவுச்சி கூடாது, அடுப்பில் தாளிப்புக்கூடக் கூடாது என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். நான் மரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் கோயில் முன்னால் எல்லாரும் வரிசையில் நின்றீர்கள். உன் பெரிய மாமனார்தான் பூசாரி. மஞ்சள் துண்டு முடிந்த நூலை ஒவ்வொரு கையிலும் கட்டிக்கொண்டு வந்தார். நீ கையை நீட்டினாய். உன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற எனக்குக் கை அரித்தது. வாயும் அரித்தது.

"எனக்கும் ஒண்ணு கட்டுங்க சாமி. வளையல் போட்டு நாளாச்சு" என்று கையை நீட்டினேன்.

விளையாட்டுக்குத்தான். அவருக்குக் காது மந்தம். நான் கேலி பேசியது அவர் காதில் விழவில்லை, நீட்டிய கைதான் கண்ணில் பட்டது. குனிந்து, இரண்டு முடிச்சுப் போட்டு, திருநீறும் பூசிவிட்டு அடுத்த கைக்குப் போய்விட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

"என்ன புள்ள பண்ணிப்போட்ட?"

"ஏன், எனக்கு மஞ்சக் கயிறு ஆகாதா?"

"காப்புக் கட்டினவங்க எல்லைக்கல்லத் தாண்டக் கூடாது. அடுத்த செவ்வாக்கெழம பொங்க வெச்சு, பூசாரி அவுத்து உடற வரைக்கும் இங்கதான். உனக்குத் தெரியாதா?"

எங்கள் ஊரில் காப்புக் கட்டினாலும் பகலில் வேலைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். உங்கள் ஊர் வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? அப்போதும் நான் முழுசாகப் பயப்படவில்லை. எப்படியாவது பேசிச் சமாளித்துவிடலாம் என்ற நினைப்பு. உன் வீட்டில் தாளிக்காத குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஆத்தாவுக்குக் கடுகு கூடவா புடிக்காது?" என்று வம்பு பேசினேன். உன் வீட்டுக்காரர், பாவம், வாயே திறக்காத மனுஷர், அவர்கூடச் சிரித்தார்.

அவர்தான் அடுத்த நாள் காலையில் ஒரு வார்த்தை சொன்னார். விடிந்தும் மழை விடவில்லை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போனது. முதல் நாள் தண்ணீருக்கு மேலே தெரிந்த கல்லெல்லாம் காணோம்.

"இத்தன தண்ணியும் எங்கீங்க போவுது?" என்று கேட்டேன்.

"இதுங்களா, கீழ உங்கூருக்குத்தானுங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்போது எங்கள் வீடு ஓடைக்கரையில் இருந்தது, உனக்குத் தெரியும். சமையல்கட்டுச் சுவருக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். அந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத ஒரு ஆள். ஒரு சின்னப் பிள்ளை. என் கண் முன்னால் போகிற இந்தத் தண்ணீர் என் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. நான் அதற்கு முன்னால் போக முடியாது. கூடவும் போக முடியாது. மேலே உட்கார்ந்துகொண்டு அது போவதைப் பார்க்கத்தான் முடியும். ஒரு மரக்கட்டை சுழன்றுகொண்டு போனது. அது எத்தனை நேரத்தில் எங்கள் முருங்கை மரத்தில் போய் மோதும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. போன் செத்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் என் வாய்க்கு முதல் தடவையாக வேலை இல்லாமல் போயிற்று.

நான் எழுந்து எல்லையைப் பார்க்க நடந்தேன். நீ பின்னாலேயே வந்தாய். எல்லைக்கல் பக்கம் போவதற்குள் பூசாரியும் இன்னும் நாலைந்து பேரும் வந்து வழியை மறித்துக்கொண்டார்கள்.

"காப்போட எல்லையத் தாண்டினா ஊருக்கு ஆகாதுங்க அம்மணி" என்றார் பூசாரி.

"எம்புள்ளைக்கு ஆகலைன்னா யாருங்க வந்து நிப்பாங்க?" என்று கத்தினேன்.

"ஆத்தா பாத்துக்குவாங்க."

"உங்க ஆத்தாவுக்கு எங்கூடு தெரியுமாங்க?"

கேட்டது தப்புத்தான். கூட்டத்தில் ஒருத்தி, "கருவாட்டுக்காரிய ஊருக்குள்ள உட்டதே தப்பு" என்றாள். நான் நூலைப் பல்லால் கடித்து அறுக்கப் போனேன். நீ என் வாயில் ஓங்கி ஒரு அடி போட்டாய். இன்றைக்கு நினைத்தாலும் உதடு எரிகிறது. மண்வெட்டி பிடித்த கை அல்லவா.

அப்புறம் நீ பூசாரியின் காதுப் பக்கம் போய், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாய்.

"மாமா, காப்பு எல்லையத் தாண்டக் கூடாது, அவ்வளவுதானுங்க? அவ காப்ப அவுத்து என்ற கையில கட்டுங்க. காப்பு இங்கயே இருக்கும். அவ போவட்டும்."

"ரெண்டு காப்புக் கட்டினா ரெண்டு பேரு வெரதம் இருக்கோணுமே கண்ணு. ஒரு பொழுது சோறும் உனக்கு இல்ல."

"இருக்கறனுங்க."

"ஒடம்பு தாங்குமா?"

"தாங்காட்டி ஆத்தா தாங்கறா. கட்டுங்க மாமா, அங்க தண்ணி போயிட்டே இருக்குது."

அவர் கோயில் இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அப்புறம் என் முடிச்சை அவிழ்த்தார். உன் இடது கையில் கட்டினார். இரண்டு கையிலும் மஞ்சள் நூலோடு நீ நின்றது, கையில் விலங்கு போட்ட மாதிரி இருந்தது. நான் உனக்கு ஒரு வார்த்தைகூட நல்லதாகச் சொல்லவில்லை. எல்லைக்கல்லைத் தாண்டி ஓடினேன்.

ஓடி எவ்வளவு தூரம் போனேன்? கூப்பிடு தூரம்தான். பலா மரத்தைத் தாண்டி ஒரு திருப்பம், அதற்கு அப்புறம் பாதை இல்லை. மலையைக் கத்தியால் சீவி எடுத்த மாதிரி ஒரு பக்கமே கீழே போயிருந்தது. வேரோடு பிடுங்கிய சில்வர் ஓக் மரங்கள் மிளகுக் கொடியோடு தலைகீழாகக் கிடந்தன. நான் நிற்கிற இடத்திலும் மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. கையில் நூல் இல்லை, யாரும் மறிக்கவும் இல்லை, போவதற்கு வழியும் இல்லை. நூல்தான் என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

மேகம் தரைக்கு இறங்கிவிட்டது. நீட்டிய கைகூடத் தெரியவில்லை. அப்போது மேலே இருந்து உன் சத்தம் வந்தது.

"ஏ புள்ள! பாதை இருக்குதா?"

"இல்ல!"

"மேல வா!"

"வர மாட்டேன்!"

நீ எல்லைக்கல்லைத் தாண்டி வர முடியாது. என்னால் திரும்பி வர மனசில்லை. அப்படியே இருந்தோம். எத்தனை நேரம் என்று தெரியாது. நான் அழுவேன், அப்புறம் சத்தமே இருக்காது. உடனே நீ கூப்பிடுவாய். "இருக்கறயா?" "இருக்கேன்." மறுபடி மழை. மறுபடி, "இருக்கறயா?"

ஒரு கட்டத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன்ற ஆத்தா ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் எதை நம்பி நிக்கற?"

"ஏனுங்க கருவாட்டுக்காரம்மா, நீ எனக்குத் தெரியறயா? மேகம் மூடிக் கெடக்குது. நீ பாட்டுக்குப் பேசாம உக்காந்துக்கற. அதுக்காக நீ இல்லைன்னு நான் ஊட்டுக்குப் போயிட்டனா?"

எனக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல" என்று கத்தினேன்.

"பயந்தா பயந்துட்டே இரு அம்மணி. பயப்படறவள ஆத்தா கைவுட்டுருவான்னு யாரு சொன்னா? ஆனா அந்த மண்ணு மேல உக்காந்து பயப்படாத. மேல வந்து பயப்படு."

அதற்கு அப்புறம்தான் எழுந்து வந்தேன். என் கால் எடுத்த இடத்தில் மண் சரிந்ததா என்று எனக்குத் தெரியாது. சந்தையில் இந்தக் கதையைச் சொல்லும்போது சரிந்தது என்றுதான் சொல்வேன், நீயும் ஆமாம் போடுவாய். உண்மையில் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள்தான் நாட்கள். உங்கள் ஊரில் எல்லாரும் காப்புக்குக் கட்டுப்பட்டவர்கள், நான் ஒருத்திதான் அவிழ்த்துவிடப்பட்டவள். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எங்கும் போக முடியாது. நீ இளநீரும் பாலும் மட்டும் குடித்தாய். உன் பங்குச் சோற்றை எனக்குப் போட்டாய். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "நான் உன்ற வெரதத்த இருக்கேன், நீ என்ற சோத்தத் தின்னு. கணக்கு சரியாப் போச்சு" என்றாய். ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி உனக்குத் தலை சுற்றியதை நான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, பிடிக்காத மாதிரி நின்றாய். ஒரு தடவை கோயிலில் நீ தனியாக நின்று கும்பிட்டபோது பின்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த மட்டும் நீ எதையும் கேட்கவில்லை. என் மகள் பெயரையும் என் வீட்டுக்காரர் பெயரையும் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். ஆத்தாவுக்கு என் வீடு தெரியுமா என்று நான் கேட்டேனே, அதற்காக நீ ஆத்தாவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாய் போல.

மழை விட்டதும் கம்பி பார்க்க ஒரு லைன்மேன் வேறு பாதையில் சுற்றி ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்க கருவாட்டுக்காரம்மாதானுங்க?" என்றார். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீதான் கேட்டாய்.

"இவங்கூட்டு ஆளுக எப்படி இருக்காங்க, சொல்லுங்க."

"ஊடு பாதி போச்சுங்க. ஆளுக பள்ளிக்கூடத்துல இருக்காங்க. இவங்கூட்டுக்காரரு மாவுக்கட்டோட பெஞ்சுல படுத்துட்டு எல்லாத்தையும் அதட்டிட்டு இருக்காரு. சாம்பாருல உப்பு இல்லையாம்."

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. தண்ணீர் ஏறுவதைப் பார்த்த என் மகள்தான் ஓடிப்போய் தெருவாட்களைக் கூட்டி வந்தாளாம். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்களாம். லைன்மேன் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். எங்கள் வரிசைக் கடைசி வீட்டுப் பெரியம்மா ஆட்டை அவிழ்த்துவிடப் போனதாம். ஆடு கிடைத்தது. அந்த அம்மா கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் லைன்மேன் வந்த பாதையில் இறங்குவதாக இருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். "அந்தப் பெரியம்மா தினமும் வெளக்குப் போடும். அதுக்கு ஏன் இப்படி?" நீ ஏதாவது சமாதானம் சொல்வாய் என்று நினைத்தேன். பூசாரியாக இருந்தால் விதி என்று ஏதாவது சொல்லியிருப்பார்.

"அது எனக்குத் தெரியாது அம்மணி. தெரிஞ்ச மாதிரி உங்கிட்ட சொல்லவும் மாட்டேன்" என்றாய். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். அதற்கு அப்புறம் சந்தையில் நீ தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும்போதெல்லாம் வாய்க்குள் அந்தப் பெயரும் வந்துபோவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் நான் கேலி பண்ணியதில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும்.

போன கோடையில் உன்னைக் கீழே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். வயிற்றில் கட்டி. திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். நான் தினமும் பஸ் ஏறி வந்தேன். நெத்திலி வறுத்து எடுத்துக்கொண்டு வந்தால் நர்சு உள்ளே விட மறுத்தாள். "வாசத்தையாவது காட்டிட்டுப் போறனே" என்று கெஞ்சினேன். நீ சிரித்தாய், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

உங்கள் ஊர்க்காரி ஒருத்தி பார்க்க வந்தாள். போகிற போக்கில், "அன்னிக்கு ரெண்டு காப்புக் கட்டினா பாரு, அதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் முகம் செத்துவிட்டது. நீ அதைப் பார்த்துவிட்டாய்.

"இத்தன வருசம் கழிச்சா ஆத்தா கணக்குப் பாப்பா? அவளுக்கு என்ன ஞாபக மறதியா? அந்தப் பொம்பள கெடக்கறா போ."

ஆனால் அதற்கு அப்புறம் ஒரு நாள், வார்டில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்குது அம்மணி" என்றாய். நீ சொல்லி நான் அந்த வார்த்தையைக் கேட்டதே கிடையாது. கட்டிலுக்கு ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் குளுக்கோஸ் கம்பி. திரும்பிப் படுக்கக்கூட உனக்கு இடம் இல்லை. எனக்கு ஒரு கேலியும் வரவில்லை.

"கும்பிடட்டா?" என்று கேட்டேன்.

"வாயே வர மாட்டேங்குது. நீ கும்பிடு."

"எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்ச மட்டும் கும்பிடு."

நான் எழுந்து நின்றேன். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. ஜன்னலில் மலை தெரிந்தது. அந்தப் பக்கம் பார்த்துக் கையைக் கூப்பினேன். "ஆத்தா, நான்தான், கருவாட்டுக்காரி. இவள உனக்கு என்னைய விட நல்லாத் தெரியும். பயந்துட்டு இருக்கா. பாத்துக்க."

நீ கண்ணைத் திறந்தாய். "அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லோணும்?"

"போதும்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "பூசாரி கூட இத்தன சுருக்கா முடிக்க மாட்டாரு" என்றாய். என் சேலை நுனியை விடாமலேயே தூங்கிப்போனாய். நான் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நீ பிழைக்கவில்லை. ஆத்தா பார்த்துக்கொண்டாளா என்று யாராவது என்னைக் கேட்டால் உன்னைப் போலவே, தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தத் தூக்கத்தில் உன் நெற்றியில் இருந்த சுருக்கம் போய்விட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டே இரண்டு தடவை எழுந்து போய்ப் போன் போட்டுப் பார்த்தேன். அதே பொம்பளை, அதே பதில். பொழுது இறங்கப் போகிறது. மலையைப் பார்த்தால் மலையே இல்லை, எல்லாம் மேகம். என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார், ரோடு வரைக்கும் போய்ப் பார்க்கிறாராம். அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே போய்ப் பார்ப்பார்? சாமி காப்பாற்றும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், என்ன திடீரென்று பக்தி என்று என்னையே கேலி பண்ணுவார். என் பாட்டில் நான் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் கூட இருக்கிறவர்கள் பெயர் தெரியாது. டிரைவர் பெயரும் தெரியாது. டிரைவர் என்றே சொல்கிறேன், புரியாமலா போகும்.

பயம் போகவில்லை. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? ஆனால் அதை வைத்துக்கொண்டே கை வேலை செய்கிறது. நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இவ்வளவுதான்.

அரிசி களையப் படியை எடுத்தேன். இவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எத்தன பேருக்கு வெக்கற?"

"இதென்ன கேள்வி? மூணு பேருக்குத்தான். நனைஞ்சுட்டு வருவா, பசி கொல்லும் அவளுக்கு."

அவர் ரோட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, விறகை உள்ளே எடுத்து வைத்தார். உலை கொதிக்கிறது, நான் போகிறேன்.